ஐந்து கேசட்டுகள் போதும்

இல்லறச் சோலை



சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிறன்று, செங்கற்பட்டில் திருப்பலி முடிந்து கோயில் முற்றத்து வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தேன். மாமல்லபுரத்தை அடுத்த கடற்கரைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த அன்பர் ஒருவர் தயங்கித் தயங்கி என்னருகே வந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்துபவர் அவர். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் மஞ்சள் பூத்துப்போன பிளாஸ்டிக் பெட்டி ஒன்றும், வயரோடு கூடிய இரண்டு ஜாய்ஸ்டிக்குகளும் இருந்தன.

“ஐயா, பழைய சாமான் கடையில் எழுநூறு ரூபாய்க்கு இந்த டிவி கேம் வாங்கினேன். இதற்கு எந்தெந்த ஆட்டங்களை வாங்கிச் சேர்ப்பது? தாங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றார்.

இதுவும் ஒரு கேள்வியா என்று முதலில் நகைக்கத் தோன்றியது. ஆனால் அவர் தொடர்ந்து சொன்னதைக் கேட்டபின் நகைப்பு அடங்கிவிட்டது. அவருடைய மூத்த மகன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். கைப்பேசியில் ஓர் ஆட்டத்துக்கு அடிமையாகி, அதில் வரும் வீரனுக்கு ஆயுதமும் உடையும் வாங்குவதற்காகத் தாயின் கைப்பேசியிலிருந்து சிறுகச் சிறுக 2,400 ரூபாயை எடுத்துச் செலவழித்துவிட்டான். அது மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கட்ட வைத்திருந்த தவணைப் பணம். தவணை நாளன்று குழுவினர் முன்னிலையில் அந்தத் தாய் தலைகுனிந்து நின்றாள்.

“அடித்துவிட்டேன் ஐயா. பணம் போனதுகூடப் பெரிதில்லை. அன்று முதல் அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அதுதான் தாங்கவில்லை” என்றார். அவர் விலைக்கு வாங்கியது வெறும் விளையாட்டுப் பெட்டி அன்று. மகனைத் திரும்பத் தம் பக்கத்தில் உட்கார வைக்க ஒரு வழி. ஆகவே அவருடைய கேள்விக்குத் தக்க மறுமொழி தேடுவது என் கடமை எனக் கொண்டேன். நம் பங்கில், சிறுவயதில் இத்தகைய பெட்டியோடு வளர்ந்த இளம் ஆசிரியர் ஒருவர் எனக்குத் துணை நின்றார். நாங்கள் தேர்ந்த முறை பிற குடும்பங்களுக்கும் பயன்படக் கூடும் என்பதால் இம்மாதம் அதனையே எழுதுகிறேன்.

பெட்டியின் வரலாறு

1983-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள், சப்பான் நாட்டு நிண்டெண்டோ நிறுவனம் ‘ஃபேமிகாம்’ என்னும் விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘குடும்பக் கணினி’ என்பதன் சுருக்கமே அப்பெயர். மேலை நாடுகளில் ‘என்.இ.எஸ்.’ என்னும் பெயரில் அது விற்கப்பட்டது. இரு பெயரிலும் சேர்ந்து ஏறத்தாழ 6 கோடியே 19 லட்சம் பெட்டிகள் உலகெங்கும் சென்றன. அதன் உற்பத்தி 2003-இல் நிறுத்தப்பட்டது.

நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தவற்றுள் பெரும்பாலானவை அசல் பெட்டிகள் அல்ல; அதைப் பார்த்துப் பிறர் செய்த பெட்டிகளே. 1990-களில் சென்னைப் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் அவை மலிவாகக் கிடைத்தன. ‘டிவி கேம்’ என்றே மக்கள் அழைத்தனர். ஆட்டம் அடங்கிய தகட்டை ‘கேசட்’ என்றனர். அன்பர் பையில் கொண்டுவந்ததும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இன்றைய கைப்பேசியோடு ஒப்பிட்டால் அதன் திறன் மிக அற்பம். செயல்படும்போது அசல் பெட்டி பயன்படுத்திய நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. ஆனால் அந்த எளிமையில் ஒரு நன்மை உண்டு. அதற்கு இணையத் தொடர்பு கிடையாது. தோற்றவனிடம் அது பணம் கேட்பதில்லை. நள்ளிரவில் ஒலியெழுப்பி ‘வா, வந்து ஆடு’ என்று அழைப்பதில்லை. மின்விசையை நிறுத்தினால் நின்றுவிடும். சிறுவனைச் சிக்கவைத்த கைப்பேசி ஆட்டத்துக்கோ முடிவே இல்லை. முடிவில்லாமல் இருப்பதே அதன் வாணிபம்.

பெட்டியைச் சோதித்தல்

ஆட்டங்களைத் தேடுமுன் பெட்டி சரியாக இருக்கிறதா எனப் பார்த்தல் வேண்டும். பழைய பெட்டி வாங்குவோர் கடையிலேயே தொலைக்காட்சியில் இணைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். அடாப்டர் அப்பெட்டிக்கு உரியதுதானா என வோல்ட் அளவையும், கூட்டல் கழித்தல் முனைகளையும் பார்க்க வேண்டும். முனை மாறினால் பெட்டி பழுதாகும். இரண்டு ஜாய்ஸ்டிக்குகளிலும் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் வேலை செய்தால் வாங்க வேண்டாம். தனியொருவன் ஆடும் பெட்டி இன்னொரு கைப்பேசியாகிவிடும்.

கேசட்டின் அடியில் வரிசையாக உள்ள செம்புத் தகடுகளையும் எண்ணிக்கொள்க. சப்பானிய ஃபேமிகாமுக்கும் நம் ஊரில் விற்ற பெட்டிகளுக்கும் உரிய கேசட்டில் 60 முனைகள் இருக்கும். மேலை நாட்டுக் கேசட்டில் 72. ஒன்றுக்குரியது மற்றொன்றில் பொருந்தாது. இதையறியாமல் பணம் கொடுத்து ஏமாந்தவர் பலர். துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடும் வாத்து வேட்டை போன்ற ஆட்டங்களையும் தட்டைத் தொலைக்காட்சி வைத்திருப்போர் வாங்க வேண்டாம். விசையை அழுத்தும் கணத்தில் திரை ஒரு நொடியினும் சிறிய பொழுது கறுத்து, இலக்கு இருக்குமிடம் மட்டும் வெளுக்கும். அந்த ஒளியைத்தான் துப்பாக்கி உணர்கிறது. பழைய குழாய்த் தொலைக்காட்சியின் வேகத்துக்கெனக் கணக்கிட்ட ஏற்பாடு அது. தட்டைத் திரையில் ஈடேறாது.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை நம் கடற்கரையில் வாழ்வோர்க்கு இன்னொரு எச்சரிக்கை. உப்புக் காற்று கதவுக் கீலையே தின்றுவிடும். செம்பு முனையை விட்டுவைக்குமா? படம் வராவிட்டால் கேசட்டை எடுத்து வாயால் ஊதுவது அக்காலச் சிறுவர் வழக்கம். அது தவறு. வாயின் ஈரம் முனைகளில் படிந்து களிம்பை வளர்க்கும். மின்னணுப் பொருள்களைத் துடைப்பதற்கான ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து மெல்லத் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் செருக வேண்டும். ஆடாத நேரங்களில் இறுக மூடும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு வைக்க வேண்டும். மின்விசையை நிறுத்தாமல் கேசட்டைப் பிடுங்குதல் ஆகாது.

‘9999’ என்னும் பொய்

அன்பரின் பெட்டியோடு ஒரு கேசட்டும் வந்திருந்தது. அதன் மேல் ‘ஒன்றில் 9999 ஆட்டங்கள்’ என்று வண்ண எழுத்தில் அச்சிட்டிருந்தது. இளம் ஆசிரியர் அதைச் செருகி எங்களுக்குக் காட்டினார். பட்டியல் பக்கம் பக்கமாக ஓடியது. ஆனால் இருபது பெயர்களுக்குள் முதல் ஆட்டமே வேறு பெயரில் மீண்டும் வந்துவிட்டது. ஒன்றில் மூன்றாம் கட்டத்திலிருந்து தொடக்கம். மற்றொன்றில் வேகம் கூடுதல். உண்மையாகவே வேறுபட்ட ஆட்டங்கள் ஒரு கைவிரல் எண்ணிக்கையைத் தாண்டவில்லை.

பொய் எண்ணிக்கையைவிடப் பெரிய குறை ஒன்றும் அதில் இருந்தது. அந்த ஆட்டங்களை ஆக்கியோரின் அனுமதியின்றி நகலெடுத்து விற்ற சரக்கு அது. இதைக் கேட்டதும் அன்பரின் முகம் வாடியது. “திருடியதற்காக மகனை அடித்தேன். இப்போது திருட்டுப் பொருளையே அவன் கையில் கொடுப்பதா?” என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

நகலெடுத்த ஆட்டம் யாருக்கு நட்டம் என்று சிலர் கேட்பர். ‘டெட்ரிஸ்’ என்னும் ஆட்டத்தின் கதை அதற்கு விடை கூறும். மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் என்னும் கணினி அறிஞர் 1984-இல் அதை ஆக்கினார். மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பி இடைவெளியின்றி அடுக்கும் அந்த ஆட்டம் உலகையே ஈர்த்தது, பலர் செல்வந்தராயினர். ஆக்கியவருக்கோ நெடுங்காலம் பங்கு இல்லை; உரிமை சோவியத் அரசிடம் இருந்தது. 1996-இல்தான் அவ்வுரிமை அவருக்குத் திரும்பியது. நம் கடற்கரையில் கல் செதுக்கும் சிற்பியின் வேலையை ஒருவன் எடுத்துக்கொண்டு கூலி தராமல் போனால் நாம் சும்மா இருப்போமா? உழைத்தவனுக்குரிய கூலியை மறுப்பது பாவம் என்று திருச்சபை போதிக்கும்போது, அந்த உழைப்பு உளியால் நடந்தாலும் கணினியால் நடந்தாலும் ஒன்றே. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இன்று கணினி நிரல்களைக் காக்கிறது.

ஆனால் இதற்காக மனச்சாட்சியை வீணே வதைத்துக்கொள்ளவும் வேண்டாம். அறியாமல் வாங்கியது வேறு. அறிந்தபின் தேடிச் சேர்ப்பது வேறு. அன்பருக்கு நாங்கள் சொன்ன வழி இது: அந்த நகலை ஒதுக்கிவைத்து, அசல் கேசட்டுகளைப் பழைய பொருளாக வாங்குவது. ஒருமுறை முறையாக விற்கப்பட்ட பொருள் பின்னர் கைமாறுவதில் குற்றமில்லை. சப்பானில் லட்சக்கணக்கில் விற்றவை ஆதலால் புகழ்பெற்ற ஆட்டங்கள் பலவும் அரிதானவை அல்ல. அட்டைப்பெட்டியும் கையேடும் இல்லாத வெறும் கேசட் இன்னும் மலிவு. அரிய கேசட்டுகளுக்குச் சேகரிப்போர் பெருந்தொகை கொடுப்பர். அரிதானது நல்லது என்பது அவர்கள் கணக்கு. ஒரு குடும்பத்துக்கு அது தேவையில்லை. அன்பரின் மைத்துனர் சரக்குக் கப்பலில் பணிபுரிபவர். சப்பானியத் துறைமுகங்களுக்குச் சென்று வருபவர். அவர் வழியாகவே கேசட்டுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

தேர்ந்தெடுக்கும் அளவுகோல்

எவற்றை வாங்குவது என்பதற்கு ஐந்து கேள்விகளை வகுத்துக்கொண்டோம். முதலாவது: இருவர் சேர்ந்து, அல்லது முறைவைத்து ஆட முடியுமா? இரண்டாவது: அரை மணி நேரத்தில் மனம் வைத்தால் நிறுத்தக்கூடிய இடம் அதில் உண்டா? மூன்றாவது: இரண்டாம் வகுப்புப் படிக்கும் தங்கையும் ஆட முடியுமா? நான்காவது: சப்பானிய எழுத்து தெரியாமலே விளங்குமா? ஐந்தாவது: வீட்டிலுள்ள பாட்டி பக்கத்தில் அமர்ந்து பார்த்தாலும் கூசாமல் ஆடக்கூடியதா?

நான்காம் கேள்வி பலவற்றை விலக்கிவிட்டது. நீண்ட கதை கூறும் ஆட்டங்களில் பக்கம் பக்கமாகச் சப்பானிய எழுத்து வரும். அவற்றுள் பலவற்றில், ஆடியதைச் சேமித்து வைக்கக் கேசட்டுக்குள் ஒரு சிறு மின்கலம் இருக்கும். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அது உயிரோடிருக்கும் என்று நம்புவதற்கில்லை. ஐந்தாம் கேள்வியால் ‘காண்ட்ரா’ என்னும் புகழ்பெற்ற துப்பாக்கி ஆட்டம் விலகியது. இருவர் தோளோடு தோள் நின்று ஆடுவது அது; திறமையாக ஆக்கப்பட்டதுதான். அதை ஆடுவோரெல்லாம் கெட்டுப்போவர் என்று நான் கூறமாட்டேன். ஆனால் ஆயுதம் வாங்கத் தாயின் பணத்தை எடுத்த பிள்ளைக்கு முதல் மருந்து அதுவாக இருக்க வேண்டாம் என்று கருதினோம்.

சல்லடையில் நின்றவை ஐந்து.

முதலாவது, 1985-இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’. மியாமோட்டோ சிகெரு என்பவர் தலைமையில் உருவானது. எட்டு உலகங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு கட்டங்கள், ஆக 32. இத்தனையும் வெறும் 40 கிலோபைட்டில் அடங்கியது; இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதனினும் பன்மடங்கு பெரிது. இடம் போதாமையால் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே உருவத்தைப் பயன்படுத்தி, வண்ணத்தை மட்டும் மாற்றியிருக்கின்றனர். ஒரே புடவையைத் திருநாளுக்கும் வேலைக்கும் வேறு வேறாகக் கட்டிக்கொள்ளும் நம் தாய்மார்களுக்கு இச்சிக்கனம் விளங்கும். ஒருவர் தவறினால்தான் மற்றவர் முறை வரும். காத்திருக்கப் பழக்கும் ஆட்டம்.

இரண்டாவது, மேலே சொன்ன ‘டெட்ரிஸ்’. ஃபேமிகாமுக்கு அது 1988-இல் வந்தது. எழுத்தும் வேண்டாம், கதையும் வேண்டாம்.

மூன்றாவது, நாம்கோ நிறுவனத்தின் ‘பேட்டில் சிட்டி’, 1985-இல் வந்தது. நம் ஊர்ச் சிறுவர் இதை ‘டேங்க்’ என்றே அறிவர். இருவர் ஒரே நேரத்தில் ஆடி, தங்கள் கோட்டையை ஒன்றாகக் காக்க வேண்டும். ஒருவர் மட்டும் முன்னே ஓடினால் கோட்டை வீழும். செங்கற்சுவர்களைத் தாமே அடுக்கிப் புதிய களம் அமைக்கும் வசதியும் உண்டு. டேங்கிகள் சுடுகின்றனவே என்பீர்கள். ஆம், ஆனால் திரையில் காண்பது சதுரங்கக் காய் போன்ற பொம்மை வண்டிகளே. பாட்டி முகஞ்சுளிக்கவில்லை.

நான்காவது, 1984-இல் வந்த ‘எக்ஸைட் பைக்’ என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயம். இதில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு பொத்தான்களுள் ஒன்று மிகு வேகம் தரும். ஆனால் அதை அழுத்திக்கொண்டே இருந்தால் எஞ்சினின் சூடு ஏறி, வண்டி நின்றுவிடும். ஆறும்வரை மற்றவர் முந்திச் செல்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இருவர் ஒருங்கே ஆட முடியாது என்ற குறையிருந்தும் இதைச் சேர்த்ததற்குக் காரணம், கார் ஓட்டும் தகப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுக்க இதில் ஏதேனும் இருக்கும் என்று எண்ணியதே.

ஐந்தாவது, ஹட்சன் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட ‘பைனரி லேண்ட்’. அதிகம் பேர் அறியாதது. ஒரு பாதையின் இருபுறமும் இரண்டு பெங்குவின் பறவைகள். ஒரே ஜாய்ஸ்டிக் இரண்டையும் நடத்தும்; ஆனால் கண்ணாடியில் காண்பதுபோல, ஒன்று இடப்புறம் சென்றால் மற்றது வலப்புறம் செல்லும். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சியிலுள்ள இதயத்தை அடைந்தால்தான் வெற்றி. ஒன்று முன்னதாகப் போய்ச் சேர்ந்து பயனில்லை. இல்லறம் நடத்துவோர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமோ?

ஐந்தையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம் என்றும் சொன்னோம். ஒன்றை நன்றாக ஆடித் தெளிந்தபின் அடுத்தது. நிறைய இருந்தால் எதிலும் நிலைக்காமல் தாவுவது பிள்ளைகளின் இயல்பு. சற்றுப் பிற்காலப் பெட்டிகளை வாங்குவோர்க்கும் இதே அளவுகோல் பொருந்தும். 2000-இல் வெளிவந்து 15 கோடிக்கு மேல் விற்ற ‘பிளேஸ்டேஷன் 2’ இன்று பழைய பொருளாகக் கிடைக்கிறது. அதில் தட்டைப் படிக்கும் லேசர்க் கண் தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் கூடுதலாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விளையாட்டு பாவமா?

விளையாட்டையே ஐயத்தோடு நோக்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்குப் புனித அக்குவினாஸ் தோமையாரை நினைவூட்ட விரும்புகிறேன். உடல் களைத்தால் ஓய்வு வேண்டுவதுபோல் ஆன்மாவும் ஓய்வு வேண்டும். அதற்கு மருந்து விளையாட்டே என்கிறார் அவ்வேதபாரகர். அவ்விடத்தில் புனித அருளப்பரைப் பற்றிய பழங்கதை ஒன்றையும் சொல்கிறார். அவர் சீடரோடு விளையாடுவதைக் கண்டு ஒருவன் இடறல்பட்டானாம். அவன் கையிலிருந்த வில்லை வளைத்து அம்பெய்யச் சொன்னார் அருளப்பர். பலமுறை எய்தபின், இடைவிடாமல் இப்படியே செய்ய முடியுமா என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனித மனமும் அவ்வாறே என்றார் திருத்தூதர். மிகுதியாக விளையாடுவது குற்றம். விளையாட்டே அறியாத கடுமையும் குற்றம். இரண்டுக்கும் நடுவே ஒரு புண்ணியம் உண்டு என்பதே தோமையாரின் போதனை.

நம் காலத்துப் புனிதர் ஒருவரும் இதற்குச் சான்று. 1991-இல் பிறந்து 2006-இல் தமது 15-ஆம் வயதில் இறந்த கார்லோ அக்குத்திஸ், 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் பதினான்காம் லியோ திருத்தந்தையால் புனிதராக உயர்த்தப்பட்டார். கணினியில் வல்லவரான அவர் வீட்டிலும் விளையாட்டுப் பெட்டி இருந்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே வரையறை செய்துகொண்டார். பெட்டியைத் தூக்கி எறியவும் இல்லை. அதற்குத் தம்மைக் கொடுத்துவிடவும் இல்லை.

அந்த வீட்டில்

ஐப்பசி மாதத்து மழை நாளொன்றில் அந்த அன்பரின் இல்லத்துக்குச் சென்றேன். செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போய் இறங்கியபோது இருட்டிவிட்டது. அன்று சவாரி இல்லாததால் அவர் வீட்டில் இருந்தார். குடும்பச் செபமாலை முடிந்தபின் அரை மணி நேரம் என்பது அவ்வீட்டு ஏற்பாடு. அதுவும் சனி, ஞாயிறு இரு நாள்களில் மட்டும். கைப்பேசியின் இரகசிய எண்ணை அம்மா மாற்றியிருந்தாள்.

படம் சரியாக வரவில்லை. மகன் ஒரு சொல்லும் பேசாமல் கேசட்டை எடுத்து, பஞ்சை நனைத்து, முனைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, விசிறியால் உலர்த்திச் செருகினான். படம் வந்தது. பந்தய ஆட்டத்தில் தகப்பன் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். இருபது ஆண்டுகளாக வண்டி ஓட்டுபவர், முதல் மேட்டிலேயே குப்புற விழுந்தார். இரண்டாம் முறை வேகப் பொத்தானை விடாமல் அழுத்தினார். எஞ்சின் சூடேறி நின்றது.

“அப்பா, அழுத்திக்கொண்டே இருந்தால் சூடாகிவிடும். கொஞ்சம் விட்டு விட்டுத்தான் அழுத்த வேண்டும்” என்றான் மகன்.

தகப்பன் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஆமாம், அன்றைக்கு எனக்கும் சூடேறித்தான் போயிற்று” என்றார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. நகர்ந்து வந்து, தகப்பனின் கட்டை விரலைப் பிடித்து எந்தப் பொத்தானில் எப்படி வைப்பது என்று காட்டினான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். அந்த 2,400 ரூபாயில் பாதியைத்தான் அவன் இதுவரை தாயிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறான். பள்ளி விடுமுறையில் சித்தப்பாவின் சிற்பக் கூடத்தில் சிறு கற்சிலைகளுக்கு மெருகேற்றிச் சம்பாதித்த பணம் அது. நண்பர்களின் கைப்பேசியைக் கண்டால் இன்னும் அவன் கண் அலைபாய்கிறதாம். ஆயினும் மீதியை எப்போது தருவேன் என்று அவனாகவே தாயிடம் சொல்லியிருக்கிறான். பெங்குவின் ஆட்டத்தில் அவனைவிடத் தங்கைதான் கெட்டிக்காரி. அதில் அவளிடம் தோற்றுச் சிரிக்கவும் பழகியிருக்கிறான்.

புறப்படும்போது வீட்டின் மூலையில் ஒரு பல்லாங்குழிப் பலகையையும் கண்டேன். பாட்டியுடையதாம், பேத்திக்குக் கற்றுத் தருகிறாளாம். சுவரோரம் ஒரு சதுரங்கப் பலகையும் இருந்தது. 2022-இல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் சதுரங்க ஒலிம்பியாடு நடந்து, 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆட்டக்காரர் நம் கடற்கரைக்கு வந்தனரன்றோ? அந்த ஆண்டு வாங்கியதாம். இவற்றுக்கு மின்சாரமும் வேண்டாம், அடாப்டரும் வேண்டாம். மின்வெட்டு நாளில் இவைதாம் துணை.

ஆகையால், பெற்றோரே! இந்தக் கோடையில் உங்கள் பிள்ளைகள் இத்தகைய பழைய பெட்டி ஒன்றைக் கேட்டால் உடனே மறுத்துவிடாதீர்கள். கேட்டதையெல்லாம் வாங்கிக் குவித்தும் விடாதீர்கள். நேர்மையான வழியில் கிடைக்கும் சில நல்ல ஆட்டங்களை அவர்களோடு அமர்ந்து தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தோற்பது உறுதி. பிள்ளைகளிடம் தோற்பதில் பெற்றோருக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு.

நாசரேத்துத் திருக்குடும்பம் உங்கள் இல்லங்களைக் காப்பதாக. அடுத்த மாதம் சந்திப்போம்.